அமாவாசைதோறும் பேர் மறந்த பெட்டி

யாழினி, கார்த்தி,

போன ஞாயிற்றுக்கிழமை கார்த்தி தன் பழைய போனை யாருக்கோ கொடுப்பதற்காக, எல்லாவற்றையும் அழிக்கிற இடத்தில் விரலை வைத்தான். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. அவன் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆமாம் என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பதறிப்போய் அந்தப் போனைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "அதுல ஒண்ணும் இல்லப்பா, எல்லாத்தையும் வேற எடத்துல ஏத்தியாச்சு" என்றாள் யாழினி. அது எனக்கும் தெரியும். பிறகு ஏன் பதறினேன் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதிக் கொடுக்கிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தொன்பதில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் பாதி வேலை மாடி ஏறி ஆன்டெனா திருப்புவதுதான். அடி அண்ணாமலைப் பக்கத்து வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. செய்தி வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் அவரே இன்னொரு தடவை, மங்கலாக, ஒரு விரற்கடை தள்ளி நிற்பார். இவர் சிரித்தால் அவரும் சிரிப்பார். ஒரு வீட்டில் டிவியை வேட்டி போட்டு மூடியே வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் சமீபத்தில் ஒருவர் இறந்திருந்தார், பக்கத்தில் நிற்கிற ஆள் அவர் ஜாடையில் இருக்கிறார் என்று சொன்னார்கள். விஷயம் இதுதான்: சிக்னல் நேராகவும் வரும், மலையில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் சேர்ந்தால் இரண்டு உருவம். நான் மாடி ஏறி ஆன்டெனாவை ஒரு சாண் திருப்பினேன். நிழல் ஆள் போய்விட்டார். எந்தப் பயத்துக்கும் பின்னால் ஒரு கம்பிதான் இருக்கும் என்று அன்றைக்கு எனக்கு ஒரு திமிர் வந்தது. அது ரொம்ப வருஷம் இருந்தது.

அப்புறம் டிவி ரிப்பேர் குறைந்துபோய், செங்கம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆபீசில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரி சுமதி மேடம். வேலூரில் டிப்ளமா முடித்தவர், என்னைவிட ஒன்பது வயது சின்னவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த அண்ணாவுக்குள் எத்தனை விதமான திட்டு அடங்கும் என்பது எனக்குத்தான் தெரியும். சத்தம் போடவே மாட்டார். கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான், நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

அவர் ஒரு மஞ்சள் படிவம் வைத்திருந்தார். முதல் கட்டம், புகார், சொன்னவர் சொன்ன வார்த்தையிலேயே. நம் பாஷையில் மாற்றி எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவார். நான் சேர்ந்த புதிதில் கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து வந்தது. நான் போய் பவர் சப்ளையை மாற்றினேன். மறுபடி அதே. ராம் மெமரியை மாற்றினேன். மறுபடி அதே. மூன்றாவது தடவை மேடம் என்னை உட்காரவைத்து, அந்த மண்டிக்காரர் வாய் திறந்து என்ன சொன்னார் என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன்: "மல்லாட்ட ஒடைக்கிற நேரத்துல இதுக்கு மயக்கம் வருது." மேடம் சிரிக்கவில்லை. "அவரே காரணத்தைச் சொல்லிட்டாரே அண்ணா. ஸ்குரூ டிரைவர் எங்கயும் ஓடிடாது, காத மொதல்ல தொறங்க" என்றார். மல்லாட்டை உடைக்கிற மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒரே கரண்ட் லைனில் இருந்தன, மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கியது.

அவருடைய இன்னொரு விதி, எதை அழிப்பதாக இருந்தாலும் அதைத் தினமும் தொடுகிறவரின் கையெழுத்து வேண்டும். வாங்கினவர் கையெழுத்து போதாது, வீட்டுப் பெரியவர் கையெழுத்தும் போதாது. எங்களுக்கு இது வீண் அலைச்சலாகத் தெரிந்தது. ஒரு கையெழுத்துக்காக வெயிலில் இரண்டு தடவை போக வேண்டிவரும். பின்னால் முணுமுணுப்போம், முன்னால் செய்வோம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஆசிரமம் பக்கம் ஒரு குறுக்குத் தெருவிலிருந்து தணிகாசலம் சார் போன் செய்தார். விவசாயத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடிப் பகுதியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கீழே அவரும் அவர் சம்சாரம் சரோஜா அம்மாவும் இருந்தார்கள். புகார், அவர் வார்த்தையில்: "பையன் வெச்சிட்டுப் போன பெட்டி பாஸ்வேர்டு எடுக்கல."

பையன் பெயர் பாலு. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஏழு மாதத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரி தாண்டி ரோட்டில் விபத்தில் போய்விட்டான். முப்பது வயது ஆகவில்லை.

அந்தப் பெட்டி என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு நிறம், உள்ளே இரண்டு டிஸ்க். வீட்டு இன்டர்நெட்டோடு ஒரு கேபிளில் இணைத்துவிட்டால் வீட்டில் இருக்கிற எல்லாரும் அதில் படம், பாட்டு எல்லாம் போட்டு வைக்கலாம். வெளியூரில் இருந்தும் பார்க்கலாம். நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்பார்கள். அப்போது நம் ஊரில் நாலைந்து வீட்டில் இருந்திருந்தால் ஜாஸ்தி. அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர் வைத்து, பாஸ்வேர்டு போட்டு, எந்த ஃபோல்டரைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டுவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பாலு அதற்கு 'பாலு வீடு' என்று பெயர் வைத்திருந்தான். சிங்கப்பூரில் இருக்கிற அவன் அக்கா அதிலிருந்துதான் தம்பி படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்குத் திறக்கவில்லை.

நான் போய் லேப்டாப்பில் தேடியபோது பாலு வீடு என்று எதுவும் இல்லை. அதே இடத்தில், கம்பெனியிலிருந்து வரும்போது இருக்கிற நம்பர் பெயரோடு ஒரு பெட்டி இருந்தது. பூட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. உள்ளே ஃபைல்கள் மட்டும் அப்படியே இருந்தன. தன் பெயரை மட்டும் மறந்துவிட்ட ஆள் மாதிரி.

மேசை டிராயரில் பாலு தன் கையால் எழுதிய ஒரு தாள் கிடைத்தது. பெட்டியின் பெயர், பாட்டு திறந்திருக்கட்டும், படம் அக்காவுக்கு, 'பதிவு' என்ற ஃபோல்டர் பூட்டி இருக்கட்டும் என்று வரிசையாக எழுதியிருந்தான். இறந்துபோனவன் சொல்லச் சொல்ல நான் செய்வது போல, அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். பூட்டின ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது எங்கள் வேலையில் கூடாது.

பெட்டி அவன் அறையில் மேசைமேல் இருந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் மாலை போட்ட படம். சமீபத்தில்தான் பெட்டியைப் படத்துக்குக் கீழே நகர்த்தி, கேபிள் நீளம் போதாததால் திருப்பி வைத்திருந்தார்கள், முதுகுப்பக்கம் அறையைப் பார்த்திருந்தது. முதுகில்தான் ஃபேன். அதன் வலைக் கம்பி வழியாக வெதுவெதுவென்று காற்று விட்டு விட்டு வரும். ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

"சூடா இருக்குதா?"

திரும்பினேன். சரோஜா அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் இருக்கிறவரை அவர் அறைக்குள் வரவேயில்லை.

"ஆமாம்மா. ஃபேன் காத்து."

"எப்பவும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை நான் படிவத்தில் எழுதவில்லை.

அடுத்த மாதம் மறுபடி போன். மறுபடி அதே. பெயர் போயிருந்தது, பூட்டு போயிருந்தது. நான் அடாப்டரை மாற்றினேன், யு.பி.எஸ். வைத்தேன். மாடியில் இருக்கிறவர்கள் யாராவது கை வைக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு அவர்கள் லைனைத் தனியாகப் பிரித்தேன். நம் ஊர்க்காரன் புத்தி, பௌர்ணமியையும் யோசித்தேன். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தில் ஊரே நிரம்பிவிடும், வோல்டேஜ் இறங்கும். தேதியைப் பார்த்தேன், பௌர்ணமிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதோடு நிலாவை விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதமும் அதே. இந்தத் தடவை நான் வண்டியை நிறுத்தும்போதே தணிகாசலம் சார் கேட்டருகே வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இந்தத் தடவ சரி பண்ண வேணாம். சுத்தமா அழிச்சிடுங்க. கடையில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிடுங்க. போட்டோ எல்லாம் பொண்ணு காப்பி எடுத்துக்கிச்சு."

ஏன் சார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கேட் கொக்கியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். நேற்று மொட்டை மாடியில் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு இறங்கி வந்தாராம். ஹாலில் சரோஜா அம்மா தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தாராம். சாப்பிட்டேன்டா, நீ சாப்பிட்டியா என்று. எதிரே ஆள் இல்லை. போன மாதமும் இப்படித்தானாம். யாரோடு பேசினாய் என்று கேட்டால் சமையல்கட்டுக்குப் போய்விடுவாராம். அன்றைக்கு முழுக்க அந்த அம்மா முகம் தெளிவாக இருக்குமாம், அதுதான் அவரை ரொம்பப் பயமுறுத்தியது.

"நாப்பது வருஷமா பூச்சிமருந்து பத்தியும் உரம் பத்தியும் பேசினவன் நான். டாக்டர் கிட்ட இட்டுனு போறதா, பூசாரி கிட்ட போறதானு தெரியல. அந்தப் பெட்டிய அவன் படத்துக்குக் கீழ நவுத்தி வெச்சப்புறம்தான்... அது இல்லைனா சரியாயிடும் தம்பி."

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. மூன்று தடவை தோற்றுப்போன எரிச்சலும் இருந்தது. அழித்துவிட்டால் புகாரும் முடிந்துவிடும். சரி என்று உள்ளே போய், பையிலிருந்து கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பெட்டியின் முதுகில் ஃபேனுக்குக் கீழே ஒரு சின்னத் துளை. உள்ளே ஒரு பொத்தான். குண்டூசி மாதிரி எதையாவது விட்டு நாலு விநாடி அழுத்தினால் ஒரு பீப் சத்தம் வரும், பெயரும் பாஸ்வேர்டும் பூட்டும் போகும். விடாமல் பத்து விநாடி அழுத்தினால் டிஸ்க்கில் இருக்கிற அத்தனையும் போய்விடும். திரும்ப எடுக்க முடியாது. மூன்று மாதமாக நடந்தது இந்த நாலு விநாடிதான் என்பது அங்கேயே புரிந்தது. ஆனால் யார் அழுத்தினார்கள்? பெரியவரா? அப்படியானால் என்னை ஏன் கூப்பிட வேண்டும்?

கையில் கம்பி இருந்தது. துளை எதிரே இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. சூடு எப்பவும் இருக்கும் என்று சொன்னவர் சரோஜா அம்மாதான், அதனால் படிவத்தை நீட்டி அவரைக் கூப்பிட்டேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு தம்பி?"

"பெட்டிய சுத்தம் பண்றதுக்கும்மா."

அழிப்பதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன். அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பேனாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு நாள் போடுகிறேன் என்று சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

வழக்கம்போல எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். சுமதி மேடம் மூன்று படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடைசிப் படிவத்தில் பெரியவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தேன், விதி அப்படி. அதில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"காக்காவுக்கு இவரு தெனமும் சோறு வெக்கிறாரா, அமாவாசைக்கு மட்டுமா?"

தெரியவில்லை என்றேன். எழுந்து போய் சுவரில் இருந்த மாதக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். மூன்று புகாரும் அமாவாசைக்கு மறுநாள் வந்தவை. பௌர்ணமியைப் பார்த்த எனக்கு அமாவாசையைப் பார்க்கத் தோன்றவில்லை. நம் ஊரில் யாருக்குத் தோன்றும்?

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்க கிட்ட எதுவும் கேக்கல மேடம்."

மேடம் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அடுத்த அமாவாசைக்குக் காலையிலேயே போய் அங்கே உட்காருங்கள், எதையும் தொடாதீர்கள் என்றார்.

அந்த அமாவாசை அன்று பத்தரை மணிக்குப் போனேன். லைன் செக் பண்ண வேண்டும் என்று சொல்லி பாலு அறையின் மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். திரையில் பாலு வீடு என்ற பெயரும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளியும். நல்ல வெயில். தெருவில் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போனார். பட்டப்பகலில் என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் படையல். படத்துக்குக் கீழே தரையில் தலைவாழை இலை போட்டு, வடை, பாயசம், கத்திரிக்காய் கறி, பாலுவுக்குப் பிடித்த அப்பளம். தணிகாசலம் சார் கற்பூரம் காட்டிவிட்டு, காக்காவுக்கு ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். சரோஜா அம்மா இரண்டு ஊதுபத்தி கொளுத்தினார். ஒன்றை வாழைப்பழத்தில் சொருகினார். இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் அங்கே இருப்பது அவருக்கு மறந்துவிட்டதா, பரவாயில்லை என்று நினைத்தாரா தெரியாது. பெட்டிக்கு எதிரே நின்று, ஒரு நிமிஷம் ஃபேன் காற்றில் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் ஊதுபத்தியின் குச்சி நுனியை, பார்க்காமலேயே, ஃபேனுக்குக் கீழே இருந்த துளையில் விட்டு அழுத்திப் பிடித்தார்.

நம் வீடுகளில் ஊதுபத்தி சொருக இடம் தேடுகிற கை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பழம், எலுமிச்சை, கதவு இடுக்கு, ஆயுத பூஜை அன்று மிஷின் சந்து. எங்கே துளை இருந்தாலும் கை அங்கே போகும். அந்தத் துளை ஊதுபத்திக் குச்சிக்கென்றே செய்தது போல இருந்தது.

குச்சி நிற்பதற்காகப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நான் என்னை அறியாமல் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பீப் என்றது. கையை எடுத்தார். குச்சி லேசாகச் சாய்ந்து நின்றது.

என் திரையில் பச்சைப் புள்ளி அணைந்தது. ஃபேன் நின்றது. அது இத்தனை நேரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. அறையில் ஊதுபத்திப் புகை நூல் மாதிரி நேராக மேலே போனது. சரோஜா அம்மா ஹாலுக்குப் போய், ஷெல்ஃபில் இருந்த பாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றார். அதுவும் பாலு வாங்கி வைத்ததுதான். ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து ஒயர் இல்லாமல் பாட்டு எடுத்துப் பாடும்.

இரண்டு நிமிஷம் இருக்கும். ஃபேன் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த புகை, யாரோ ஊதியது போல, சட்டென்று அறைப்பக்கம் சாய்ந்தது. திரையில் பாலு வீடு இல்லை, நம்பர் பெயர் வந்தது.

ஹாலில் ஒரு ஆண்குரல் கூப்பிட்டது.

"அம்மா."

சத்தமாக இல்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

"அம்மா, கேக்குதா? எதனா பேசும்மா."

அதற்கப்புறம் பேச்சில்லை. தூரத்தில் மிக்சி ஓடுகிற சத்தம் மட்டும். அந்த வீட்டு மிக்சி அப்போது ஓடவில்லை, கதவு வழியாக எனக்குச் சமையல்கட்டு தெரிந்தது.

"கேக்குதுடா" என்றார் சரோஜா அம்மா. "நல்லா கேக்குது. நான் சாப்ட்டேன்டா, நீ சாப்ட்டியா?"

மிக்சி சத்தம் நின்றது.

"சரி, அப்புறம் பேசலாம்" என்றது குரல்.

உடனே ஏதோ ஒரு பாட்டு ஆரம்பித்தது. அவர் கையை நீட்டி அணைத்துவிட்டார்.

எனக்குக் கழுத்தில் இருந்து முழங்கை வரை மயிர் குத்திட்டு நின்றது. ஒரு நிமிஷத்துக்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனாலும் அது அடங்கவில்லை. குச்சி பொத்தானை அழுத்துகிறது. பெட்டி எல்லாவற்றையும் மறந்து புதிதாக எழுகிறது. பூட்டு போனதால் 'பதிவு' ஃபோல்டரும் திறந்துகொள்கிறது. பாட்டுப் பெட்டி புதிதாக ஒரு ஸ்டோரேஜைக் கண்டால் தானாகவே முதல் ஃபைலிலிருந்து பாடும். முதல் ஃபைல், பிறகு தெரிந்தபடி, பாலு புது மைக் வாங்கின அன்று சோதித்துப் பார்த்த பதிவு. மறுநாள் நான் வந்து பூட்டிவிடுவேன். அடுத்த அமாவாசைக்கு மறுபடி. பாதிப் பேயை நானே மாதாமாதம் ரிப்பேர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பத்து ஞாபகம் வந்தது. நாலுக்கும் பத்துக்கும் நடுவில் ஆறு விநாடி. மாதாமாதம் அந்தக் குரலுக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவில் அவ்வளவுதான் இருந்தது. நான் போன மாதம் அதே துளைக்கு எதிரே கம்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

மாடிப்படியில் தணிகாசலம் சார் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குச் சீக்கிரம் இறங்கிவிட்டார் போலிருக்கிறது. காலித் தட்டை மார்போடு பிடித்திருந்தார்.

"தம்பி, நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சரோஜா அம்மாவிடம் போய், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அந்தக் குச்சி இருக்கிறதே அம்மா என்று இழுத்தேன்.

"தெரியும் தம்பி. குச்சி சொருகினாதான் வருது. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல." கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மொதல் தடவ தெரியாம சொருகினேன், கூப்புட்டான். அடுத்த அமாவாசைக்கு வருவானானு பாத்தேன். வந்தான்."

மிக்சி பற்றியும் அவரே சொன்னார். பாலு அதைப் பதிவு செய்த அன்றைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாராம். பையன் அறைக்குள் இருந்து கூப்பிட்டானாம். காதில் விழுந்ததாம்.

"வேலையா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சும்மா இருந்துட்டேன். இருக்கப்போறவன்தானேனு."

நான் பத்து விநாடியைப் பற்றிச் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் அந்தக் குரல் ஒரேயடியாகப் போயிருக்கும், யாராலும் எடுக்க முடியாது என்றேன். அவர் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்தார்.

"குச்சி சொருகறப்ப ஒரு துதி சொல்லுவேன். முழுசா சொன்னா பத்துக்கு மேல ஆவும். பாதியில குச்சி நின்னுடும், அதனால விட்டுடுவேன்."

அப்புறம் படியிலிருந்து பெரியவர் குரல் வந்தது.

"அழிக்கச் சொன்னது நான்தான் சரோ. போன மாசம் அந்தத் தாளு, அதுக்குத்தான்."

சரோஜா அம்மா இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, வடையை எடுத்து வேறு தட்டில் வைக்க ஆரம்பித்தார். கடைசி வடையையும் எடுத்து வைத்துவிட்டு, "காக்கா எடுத்துச்சா?" என்று கேட்டார்.

"எடுத்துச்சு."

"அப்ப வந்து உக்காந்து சாப்புடுங்க. தம்பி, நீங்களும்."

சாப்பிட்டேன். எனக்கு ருசி எதுவும் தெரியவில்லை. அன்று சாயந்திரத்துக்குள் அந்தப் பதிவை மூன்று சி.டி.யில் ஏற்றினேன். ஒன்று பீரோவில், ஒன்று சிங்கப்பூருக்கு, ஒன்று எங்கள் ஆபீஸ் அலமாரியில். துளையை டேப் போட்டு மூடினேன். பெட்டியை முகம் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் சரோஜா அம்மா வேண்டாம் என்றார், காற்று வருகிற பக்கம் அறையைப் பார்த்தே இருக்கட்டும் என்றார்.

பாட்டுப் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தக் குரல் எப்போது வேண்டுமானாலும் வருகிற மாதிரி வைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். பெரிய உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"வேணாம் தம்பி. தெனமும் கூப்புட்டா அவன் எப்பத்தான் தூங்குவான்?"

அந்தப் பாட்டுப் பெட்டியில் அலாரம் உண்டு. தேதியும் நேரமும் கொடுத்தால் அன்றைக்கு அந்த ஃபைலைப் பாடும். ஒரு தடவைக்கு ஒரு தேதிதான் வாங்கும். காலண்டரைப் பார்த்து அடுத்த அமாவாசை, மதியம் பன்னிரண்டரை என்று வைத்தேன். பெரியவர் பக்கத்தில் நின்று, எந்தப் பொத்தான், எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அவரே வைத்துவிட்டார், என்னைக் கூப்பிடவில்லை.

படிவத்தைச் சுமதி மேடத்திடம் கொடுத்தேன். கடைசி வரை படித்தார். "ஆறு செகண்டா அண்ணா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

மூன்று வருஷம் கழித்து சரோஜா அம்மா காலமானார் என்று கேள்விப்பட்டேன். நான் அப்போது உங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாண வேலையாக ஆற்காட்டில் இருந்தேன், போக முடியவில்லை. காரியம் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகு ஒருநாள் துக்கம் விசாரிக்கப் போனேன். நாள் எதுவும் பார்த்துப் போகவில்லை.

தணிகாசலம் சார் தனியாக இருந்தார். மெலிந்திருந்தார். அவரே காப்பி போட்டுக் கொடுத்தார். சிங்கப்பூருக்கு வந்துவிடச் சொல்லிப் பெண் கூப்பிடுவதைச் சொன்னார், முட்டிவலியைச் சொன்னார். பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பாலு அறைக் கதவு திறந்திருந்தது. சுவரில் இப்போது இரண்டு படம். உள்ளேயிருந்து ஊதுபத்தி வாசனை வந்தது. இன்றைக்கு என்ன நாள் என்று எனக்கு உறைத்து, கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் ஷெல்ஃபிலிருந்து அந்தக் குரல் வந்துவிட்டது.

"அம்மா."

என் கையில் டம்ளர் இருந்தது. கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அம்மா, கேக்குதா? எதனா பேசும்மா."

மிக்சி ஓட ஆரம்பித்தது. நான் அணைத்துவிடலாமென்று எழுந்தேன். பெரியவர் என்னைப் பார்க்காமலே உட்காரும்படி கையைக் காட்டினார். நாற்காலி நுனிக்கு நகர்ந்து, பாட்டுப் பெட்டி பக்கம் குனிந்தார். அதற்கு அந்த மாதம் தேதி வைத்தது அவர்தான், வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை.

"அம்மா இல்லடா" என்றார். "அப்பாதான் இருக்கேன்."

மிக்சி நின்றது.

"சரி, அப்புறம் பேசலாம்."